பீடோ எம்.டி.எஸ்.: அரசு இடமா, சேலமா, பெங்களூரா, இல்லை பி.டி.எஸ்.ஸோடு கிளினிக்கா?

நீட் எம்.டி.எஸ். என்ற பல் மருத்துவ மேற்படிப்பு நுழைவுத் தேர்வின் தரவரிசை வெளியாகும் வாரத்தில், பீடோவைப் பற்றி, அதாவது குழந்தைப் பல் மருத்துவத்தைப் பற்றி, தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து எனக்கு வரும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். "பீடோ எடுக்கலாம்னு இருக்கேன் சார். அரசு சீட் வராது போல. சேலத்துல கிடைக்கும், பெங்களூருலயும் கிடைக்கும். எதுல சேரட்டும்? இல்ல இன்னொரு வருஷம் படிக்கட்டுமா?" இன்னும் ஒரு படி பின்னால் நிற்பவர்கள், "எம்.டி.எஸ். வேணுமா, பேசாம கிளினிக் போட்டுடலாமா?" என்று கேட்பார்கள். இந்தக் கடைசிக் கேள்வியைப் பெரும்பாலும் பிள்ளை கேட்பதில்லை, அப்பாதான் கேட்பார்.

நான் பீடோ முடித்துவிட்டு இந்தப் பக்கத்திலேயே நாலைந்து கிளினிக்குகளுக்குப் போய்க் குழந்தைகளைப் பார்ப்பவன். அதனால் என் கணக்கு, படித்துவிட்டு இந்த இரண்டு மாவட்டங்களுக்குத் திரும்பி வர நினைப்பவர்களுக்கான கணக்கு. பெங்களூரிலோ சென்னையிலோ தங்கிவிட முடிவு செய்தவர்கள் கீழே வருவதில் பாதியைத் தள்ளிவிட்டுப் படிக்கலாம்.

தெரிந்த விஷயங்களைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். குழந்தைப் பல் மற்றும் நோய்த்தடுப்புப் பல் மருத்துவம் என்பது எம்.டி.எஸ்.ஸின் ஒன்பது பிரிவுகளில் ஒன்று. மூன்று ஆண்டுப் படிப்பு. முதலாண்டு முடிவில் அடிப்படை அறிவியலில் ஒரு தாள், மூன்றாமாண்டு முடிவில் மீதித் தாள்கள், கிளினிக்கல், வைவா (வாய்மொழித் தேர்வு), நடுவில் தீசிஸ் (ஆய்வேடு). உள்ளே போக நீட் எம்.டி.எஸ்.: 240 கேள்வி, 960 மதிப்பெண், மூன்று மணி நேரம், தப்பான விடைக்கு ஒரு மதிப்பெண் போகும். தரவரிசையில் மேலே இருப்பவர்கள் வழக்கமாக கன்சர்வேட்டிவ் (பல் அடைப்பு, வேர் சிகிச்சை), ஆர்த்தோ (பல் வரிசைச் சீரமைப்பு), பிராஸ்தோ (செயற்கைப் பல்), சர்ஜரி என்று எடுத்துக்கொண்டு போவார்கள். பீடோ அதற்கடுத்த வரிசையில் நிற்கும். அதனால்தான் "கன்சர்வேட்டிவ் கிடைக்கல, பீடோ எடுத்துக்கிட்டேன்" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். குழந்தை அழுதால் எரிச்சல் வருகிறவராக இருந்தால், தரவரிசை என்ன சொன்னாலும் தயவுசெய்து இந்தப் பக்கம் வராதீர்கள்.

## எதை வைத்து எடை போடுவது

பலர் கட்டணத்தை மட்டும் பார்க்கிறார்கள். சிலர் கல்லூரியின் பெயரை மட்டும் பார்க்கிறார்கள். நான் பார்க்கச் சொல்வது நான்கு. அதில் முதலாவதுதான் எனக்குப் பெரிது.

உங்கள் கைக்கு எத்தனை குழந்தைகள் வரும்? பீடோவில் பாடம் என்பது நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் குழந்தை. பாலக்கோட்டிலிருந்து நாலு வயதுப் பையன் வருகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழ்க் கடைவாய்ப் பால்பல்லில் சொத்தை, கன்னம் வீங்கியிருக்கிறது, ராத்திரி தூங்கவில்லை. அம்மாவின் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறக்க மாட்டேன் என்கிறான். முதலில் கண்ணாடியை அவன் கையிலேயே கொடுக்க வேண்டும். காற்று அடிக்கும் சிரிஞ்சை எடுத்து, "இது காத்து பைப், உன் நகத்துல ஊதட்டுமா?" என்று கேட்டு நகத்தில் ஊதிக் காட்ட வேண்டும். அப்புறம் பல்லில். எச்சில் உறிஞ்சும் குழாய் "தண்ணி குடிக்கிற பைப்", எக்ஸ்ரே "பல்லுக்கு போட்டோ", மரத்துப்போகும் ஊசி "பல்லைத் தூங்க வைக்கிற மருந்து". சொல், காட்டு, செய் என்று புத்தகத்தில் மூன்றே சொல்லில் இருக்கும். அது கைவர நூறு குழந்தைகள் போதாது. ஊசி போடும் அந்த நொடியில் உங்கள் குரல் மாறாமல் இருக்க வேண்டும். அதைப் படித்துக் கற்க முடியாது.

எனவே ஒரு கல்லூரியில் பீடோ துறைக்கு ஒரு நாளைக்கு எத்தனை குழந்தைகள் வருகிறார்கள், அதை எத்தனை பி.ஜி. (எம்.டி.எஸ். மாணவர்கள்) பங்கு போட்டுக்கொள்கிறார்கள் என்பதுதான் முதல் கேள்வி. அடுத்தது, முழு மயக்கத்தில் வைத்து வாய் முழுக்கச் செய்யும் சிகிச்சைகள் அங்கே நடக்கின்றனவா? மாதத்துக்கு எத்தனை? ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம், மூளைவாதம், இருதயக் கோளாறு உள்ள குழந்தைகள் வருகிறார்களா? சிரிப்பு வாயுக் கருவி இருக்கிறதா, இருந்தால் அது ஓடுகிறதா, உறை போட்டு மூடி வைத்திருக்கிறார்களா? பி.டி.எஸ். (இளநிலைப் பல் மருத்துவம்) மட்டும் முடித்தவருக்கும் பீடோ முடித்தவருக்கும் உள்ள உண்மையான வித்தியாசம் இந்தக் குழந்தைகளைக் கையாள்வதில்தான் தெரியும். சாதாரணச் சொத்தையை இருவருமே அடைப்பார்கள்.

மொத்தச் செலவு. கட்டணம் மட்டும் செலவில்லை. ஹாஸ்டல், கருவிகள், பல்லுக்கு மாட்டும் கேப் பெட்டிகள், தீசிஸுக்கு லேப் செலவு, புள்ளிவிவரம் பார்த்துத் தருபவருக்கு, பைண்டிங்குக்கு, வருஷத்துக்கு ஒன்றிரண்டு மாநாட்டுக்கு. இன்னொரு பக்கம் ஸ்டைபெண்ட். அரசுக் கல்லூரியில் அது மாதாமாதம் வரும். மற்ற இடங்களில் தாளில் ஒரு தொகையும் கையில் ஒரு தொகையுமாக இருக்கலாம். இதை அலுவலகத்தில் கேட்காதீர்கள், இரண்டாமாண்டுப் பி.ஜி.யிடம் கேளுங்கள்.

திரும்பி வரும் ஊர். ஓசூரும் அரூரும் ஒரே சந்தை இல்லை. ஓசூரில் சிப்காட் சம்பளக்காரர்கள், வெளிமாநிலக் குடும்பங்கள், பெங்களூரில் பார்த்துப் பழகிய பெற்றோர்கள். குழந்தைக்குத் தனியாகப் பல் டாக்டர் உண்டென்று அவர்களுக்கு முன்பே தெரியும். அரூரிலும் ஊத்தங்கரையிலும் முதல் பத்து நிமிஷம், "பால்பல்தானே டாக்டர், விழுந்துடும்ல, புடுங்கிடுங்க" என்பதற்குப் பதில் சொல்வதிலேயே போகும். கடைவாய்ப் பால்பல் பத்து, பன்னிரண்டு வயது வரை இருக்க வேண்டியது. ஐந்து வயதில் பிடுங்கினால் பக்கத்துப் பல் சாய்ந்து நிரந்தரப் பல்லுக்கு இடமில்லாமல் போகும் என்று தாடை மாதிரியை எடுத்துக் காட்டிப் புரியவைக்க வேண்டும். இது ஊர்க்காரர்கள் குறையில்லை. அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகப் பிடுங்கிவிடும்போது, ஆயிரக்கணக்கில் செலவழித்து அதே பல்லை ஏன் காப்பாற்ற வேண்டும் என்று எந்தத் தகப்பனும் கேட்கத்தான் செய்வார்.

பாஷை. மற்ற எந்தப் பிரிவிலும் இது இவ்வளவு முக்கியமில்லை. ஆறு வயதுக் குழந்தையிடம் சைகை பாதிதான் வேலை செய்யும்.

அங்கீகாரத்தைப் பற்றி ஒரு வரி: அனுமதி பெற்ற படிப்பு வேறு, அங்கீகாரம் பெற்ற படிப்பு வேறு. புதிதாகத் தொடங்கிய எம்.டி.எஸ். துறையில் முதல் சில பேட்ச்களில் சேர்பவர்கள், அந்தத் துறை எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பார்த்துவிட்டே சேர வேண்டும். கடைசியில் பட்டத்தைத் தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சிலில் கூடுதல் தகுதியாகப் பதிய வேண்டியிருக்கிறது.

## அரசுக் கல்லூரி இடம்

கிடைத்தால் யோசிக்க ஒன்றுமில்லை, போய்ச் சேருங்கள். கட்டணம் குறைவு, ஸ்டைபெண்ட் உண்டு, ஓ.பி.யில் கூட்டம் குறையாது. சென்னை கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரிக்கு வட தமிழ்நாடு முழுவதிலிருந்தும் குழந்தைகள் வருகிறார்கள். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்து அரசு சுகாதாரத் துறைக்கு மாறிய சிதம்பரம் கல்லூரியும் இந்தக் கணக்கில் வரும். சிக்கல் ஒன்றுதான்: இடங்கள் மிகக் குறைவு. அதிலும் பாதி அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போய்விடும். மீதிக்குத்தான் மாநிலத் தேர்வுக்குழுவின் கவுன்சலிங்.

அகில இந்திய ஒதுக்கீட்டில் வேறு மாநில அரசுக் கல்லூரிகளும் வரும். "அவ்வளவு தூரம் எதுக்குப்பா" என்று வீட்டில் தடுக்கப் பார்ப்பார்கள். லக்னோவில் அரசு பீடோ கிடைத்தால், பக்கத்தில் பெருங்கடனோடு கிடைக்கும் பீடோவைவிட அது எவ்வளவோ மேல். டெல்லி எய்ம்ஸ், சண்டிகர் பி.ஜி.ஐ. இடங்களுக்குத் தேர்வே வேறு, ஐ.என்.ஐ.-சி.இ.டி. என்று ஆண்டுக்கு இரண்டு முறை எய்ம்ஸ் நடத்துகிறது. விரல்விட்டு எண்ணக்கூடிய இடங்கள்தான். ஆனாலும் நீட்டுக்குப் படித்த அதே படிப்பு இதற்கும் உதவும் என்பதால் எழுதிப் பார்ப்பதில் நஷ்டமில்லை.

மறைவான செலவு என்றால், வேலைப் பளு. கூட்டம் அதிகம் என்பதால் பல நாள் பிடுங்கும் கேஸே வரிசையாக வரும். நிதானமாக ஒரு ஜிர்கோனியா கேப் (பல் நிறக் கேப்) செய்து பார்க்கப் பொருள் இருக்காது. தனியார் கிளினிக்கில் கேட்கப்படும் அழகு வேலைகளைப் படித்து முடித்தபின் தனியாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும். பாண்ட் (படித்தபின் அரசுப் பணி செய்வதாக எழுதிக் கொடுப்பது), பாதியில் விட்டால் கட்ட வேண்டிய தொகை ஆகியவற்றை அந்தந்த ஆண்டின் விளக்கக் குறிப்பேட்டில் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

## சேலம், திருச்செங்கோடு

தர்மபுரியிலிருந்து தொப்பூர் கணவாய் தாண்டினால் சேலம், அறுபது எழுபது கிலோமீட்டருக்குள்தான். சேலத்தில் விநாயகா மிஷன்ஸ், திருச்செங்கோட்டுப் பக்கம் கே.எஸ்.ஆர்., விவேகானந்தா மகளிர் கல்லூரி என்று பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவில் அந்த ஆண்டு எத்தனை இடம் என்பது கவுன்சலிங் இட அட்டவணையில் இருக்கும். பேச்சுவாக்கில் கேட்டதை நம்ப வேண்டாம்.

இங்கே பலர் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. நிகர்நிலைப் பல்கலைக்கழக இடங்கள் மொத்தமும் டெல்லியில் எம்.சி.சி. (மத்திய மருத்துவக் கவுன்சலிங் குழு) நடத்தும் கவுன்சலிங் வழியே நிரப்பப்படுகின்றன. மற்ற தனியார் கல்லூரி இடங்கள் சென்னை தேர்வுக்குழு வழியே. இரண்டும் பக்கத்துப் பக்கத்து ஊர்க் கல்லூரிகளாக இருக்கலாம், விண்ணப்பம் வேறு வேறு. ஒன்றில் மட்டும் பதிந்துவிட்டு உட்கார்ந்திருப்பவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள்.

இந்தப் பக்கத்துக் கல்லூரிகளுக்கு என் கண்ணில் ஒரு தனிப் பலம் உண்டு. நம் மாவட்டக் குழந்தைகள்தான் அங்கே நோயாளிகள். தர்மபுரி, கிருஷ்ணகிரி ஆழ்துளைக் கிணற்று நீரில் புளோரைடு அதிகம் என்பது பழைய கதை. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் என்பது இந்தியத் தர வரம்பு. வேறு வழியில்லாவிட்டால் 1.5 வரை. அதைத் தாண்டிய கிராமங்கள் இங்கே ஏராளம் என்பதால்தான் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் புளோரோசிஸ் தடுப்புத் திட்டத்தைக் கொண்டுவந்தார்கள். 2013-ல் அது தொடங்கி வைக்கப்பட்டது. அதன் பிறகும் குழாய்த் தண்ணீர் வராத நாளில் போர் தண்ணீரைக் குடிக்கும் வீடுகள் உண்டு. எட்டு வயதில் முளைக்கும் முன்பல்லில் வெள்ளைத் திட்டோ பழுப்புக் கோடோ தெரிந்தால், அது பெரும்பாலும் புளோரோசிஸ், அந்தக் குழந்தை முதல் சில வருஷங்களில் குடித்த தண்ணீரின் கணக்கு. வெளியூரில் படித்தவர் பழக்கதோஷத்தில் சொத்தையைத் தடுக்கப் பூசும் புளோரைடு வார்னிஷை எடுத்துவிடுவார். இங்கே படித்தவர் முதலில் "வீட்டுல என்ன தண்ணி குடிக்கிறீங்க?" என்று கேட்பார். திட்டை லேசாகத் தேய்த்தெடுப்பது, ரெசின் ஊற வைப்பது போன்ற சிகிச்சைகளுக்கும் இங்கே கேஸ் பஞ்சமில்லை. கைடு சம்மதித்தால் தீசிஸையே பென்னாகரம் பள்ளிகளில் செய்யலாம். பின்னாளில் அதே ஊரில் உங்களை நாலு தலைமையாசிரியர்களுக்குத் தெரிந்திருக்கும்.

எதிர்ப்பக்கம் என்றால் பணம்தான். கணக்குக்காக, ஆண்டுக்கு 8 லட்சம் வீதம் மூன்று ஆண்டுக்கு 24 லட்சம் கல்விக் கடன் என்று வைத்துக்கொள்வோம். வட்டி 10 சதவீதம். படிப்புக் காலமும் அதற்கு மேல் ஓராண்டும் தவணை கட்ட வேண்டாம் என்பார்கள். ஆனால் வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். தனி வட்டியாகவே போட்டாலும், முதல் 8 லட்சத்துக்கு நான்கு ஆண்டு, அடுத்ததற்கு மூன்று, கடைசிக்கு இரண்டு என்று 7 லட்சத்து 20 ஆயிரம் ஏறியிருக்கும். 31 லட்சத்து 20 ஆயிரத்தைப் பத்து ஆண்டில் அடைக்க மாதம் சுமார் 41 ஆயிரம் தவணை. வட்டிக்கு வருமான வரியில் எட்டு ஆண்டு கழிவு உண்டு, அதுவும் பழைய வரி முறையில் இருந்தால்தான். புதிதாகத் தொடங்கும் ஒரு பீடோ கன்சல்டன்ட், தர்மபுரி நகரத்தை மட்டும் நம்பி மாதம் 41 ஆயிரம் தவணையைக் கட்டிவிட்டு வீட்டுக்கும் கொண்டுபோக முடியுமா? முதல் இரண்டு மூன்று ஆண்டு முடியாது என்றே நினைக்கிறேன். ஓசூரையும் சேர்த்தால் முடியலாம். வீட்டில் பாதி போட்டுக் கடன் பாதியாக இருந்தால் தாராளமாகச் சேரலாம். மொத்தமும் கடன், அடமானமாக இருக்கும் ஒரே நிலத்தின் பத்திரம் என்றால் நான் வேண்டாம் என்பேன்.

## பெங்களூரு

ஓசூர்க்காரர்களுக்கு இது பக்கத்துத் தெரு போலத் தோன்றும்; நாற்பது கிலோமீட்டர்தானே என்பார்கள். அத்திப்பள்ளியில் தொடங்கும் நெரிசலில் பி.ஜி. மாணவர் தினமும் போய் வருவது நடக்காத காரியம். காலையில் ஓ.பி., மாலையில் செமினார், ராத்திரி தீசிஸ். அங்கேயே தங்க வேண்டும், பெங்களூரு வாடகையில்.

கர்நாடகத்துத் தனியார் இடங்களுக்கு அந்த மாநிலத் தேர்வு ஆணையமான கே.இ.ஏ.வில் தனியாகப் பதிய வேண்டும். கர்நாடக அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கு அந்த மாநிலத்தவருக்கான தகுதி விதிகள் உண்டு என்பதால், நம் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் கிடைப்பது கட்டணம் கூடிய வகை இடங்கள். அகில இந்திய ஒதுக்கீட்டில் பெங்களூரு அரசுக் கல்லூரி கிடைத்தால் அது வேறு கதை. மேலே அரசு இடத்துக்குச் சொன்னதெல்லாம் அதற்கும் பொருந்தும்.

பலம் என்ன? தனியார் நோயாளிகள், நவீனக் கருவிகள், சிரிப்பு வாயு, ஜிர்கோனியா, கிளினிக்கை எப்படி நடத்துவது என்ற பார்வை. நகரத்துப் பெற்றோரிடம் பேசிப் பழகும் வாய்ப்பு. படித்து முடித்ததும் சங்கிலிக் கிளினிக்குகளில் வேலையும் உடனே கிடைக்கும்.

பாஷையைத்தான் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. தேன்கனிக்கோட்டை, ஓசூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தெலுங்கோ கன்னடமோ வீட்டிலேயே இருக்கும். அவர்களுக்கு முதல் வாரமே ஓடிவிடும். பென்னாகரத்திலிருந்து தமிழ் மட்டும் தெரிந்து போகிறவர் முதல் ஆறு மாதம் குழந்தையிடம் பேசுவதை விட்டுவிட்டு அம்மாவிடம் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருப்பார். சொல், காட்டு, செய்யில் "சொல்" இல்லாமல் மீதி இரண்டை மட்டும் வைத்து ஓட்டுவார். ஆனால் அந்த ஆறு மாதத்தைத் தாண்டிக் கன்னடமும் கொஞ்சம் இந்தியும் பிடித்துக்கொண்டவர் ஓசூரில் கிளினிக் போட்டால் அவருக்கு நிகர் இல்லை. அங்கே ஒரே காத்திருப்பு அறையில் நான்கு பாஷைக் குழந்தைகள் அழுவார்கள்.

என் தீர்ப்பு: ஓசூரில்தான் தொழில் என்று முடிவாக இருந்தால் சேலத்தைவிடப் பெங்களூருக்கு ஒரு படி கூட. தர்மபுரி, அரூர், பாலக்கோடு என்றால் பெங்களூருக்கு அதிகமாகக் கொடுக்கும் பணம் திரும்பி வராது.

| பார்க்க வேண்டியது | அரசு இடம் | சேலம், திருச்செங்கோடு | பெங்களூரு தனியார் | பி.டி.எஸ்.ஸோடு கிளினிக் |
|---|---|---|---|---|
| வரும் குழந்தைகள் | மிக அதிகம் | துறையைப் பொறுத்தது, நேரில் பார்க்க | துறையைப் பொறுத்தது, நேரில் பார்க்க | உங்கள் ஊர்க் கூட்டம்தான் |
| பணம் | குறைவு, ஸ்டைபெண்ட் உண்டு | லட்சங்களில் | லட்சங்களில், கூடவே நகர வாடகை | கிளினிக் முதலீடு மட்டும் |
| பாஷை | தமிழ்நாட்டில் சிக்கலில்லை | சிக்கலில்லை | கன்னடம், இந்தி வேண்டும் | சிக்கலில்லை |
| புளோரோசிஸ் அனுபவம் | ஊரைப் பொறுத்தது | நன்றாகக் கிடைக்கும் | குறைவாகவே இருக்கும் | தினமும் |
| யாருக்கு | கிடைத்த எல்லோருக்கும் | கடன் பாதிக்குள் அடங்குபவர்களுக்கு | ஓசூரில் தொழில் செய்பவர்களுக்கு | கடன் வாங்க முடியாதவர்கள், சிறு ஊர்க்காரர்கள் |

## இன்னொரு வருஷம் படிக்கலாமா

இதில் எனக்கு ஒரே அளவுகோல்தான். அரசு இடத்தின் கடைசித் தரவரிசைக்கும் உங்கள் தரவரிசைக்கும் எவ்வளவு தூரம்? கொஞ்ச தூரம் என்றால், அதுவும் இன்டர்ன்ஷிப் பார்த்துக்கொண்டே எழுதி வந்த தரவரிசை என்றால், ஒரு முறை காத்திருப்பது லாபம். மேலே சொன்ன 31 லட்சத்தோடு ஒப்பிட்டால் ஓராண்டுச் சம்பளம் பெரிய இழப்பில்லை. தூரம் அதிகம் என்றால், அடுத்த ஆண்டும் இதே தனியார் இடம்தான் கிடைக்கும். ஒரு வயது கூடியிருக்கும், அவ்வளவுதான்.

காத்திருக்கும் ஆண்டில் வீட்டில் சும்மா உட்கார்ந்து படிக்காதீர்கள். நன்றாக ஓடும் ஒரு கிளினிக்கில் அரை நாள் உதவி மருத்துவராக இருங்கள். குழந்தைகளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பீடோ உங்களுக்கு ஒத்து வருமா என்பது அந்த ஆண்டிலேயே தெரிந்துவிடும். பெண் பிள்ளைகளுக்கு இந்த ஆண்டில்தான் கல்யாணப் பேச்சு தொடங்கும் என்பதும் எல்லோருக்கும் தெரிந்தது. எம்.டி.எஸ். தொடர்வதற்கு மாப்பிள்ளை வீட்டில் முன்பே வாய்விட்டுப் பேசி வைத்துக்கொள்வது நல்லது. பேசாமல் விட்டு இரண்டாமாண்டில் படிப்பை நிறுத்தியவர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள்.

பல ஆண்டுகளில் கடைசிச் சுற்றுகளுக்குத் தகுதிப் பெர்சென்டைலைக் குறைத்திருக்கிறார்கள். தனியாரில் காலி இடங்கள் அப்போது தெரியவரும். கையில் பணம் இருந்து தரவரிசை இல்லாதவர்களுக்கு அது ஒரு வழி. அந்த அவசரத்திலும் துறையை நேரில் பார்க்காமல் பணம் கட்ட வேண்டாம்.

## எம்.டி.எஸ். இல்லாமலே?

இதைத் தோற்றவர்களின் வழி என்று பார்ப்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பொம்மிடியிலோ போச்சம்பள்ளியிலோ பீடோவை மட்டும் வைத்து ஒரு கிளினிக் நிற்காது. குழந்தைகளை நன்றாகப் பார்க்கத் தெரிந்த ஒரு பொதுப் பல் மருத்துவர் அங்கே ஊருக்கே போதும். குழந்தைக்குச் சொத்தை அடைப்பதற்கும் பால்பல் வேர் சிகிச்சைக்கும் ஸ்டீல் கேப் போடுவதற்கும் பி.டி.எஸ்.ஸுக்குத் தடையில்லை.

இரண்டு விஷயங்களை மட்டும் ஒழுங்காகக் கற்றுக்கொண்டாலே பாதிக் குழந்தைகளை ஊசியில்லாமல் பார்க்கலாம். ஒன்று ஹால் முறை. ஸ்காட்லாந்தில் நோர்னா ஹால் என்ற பல் மருத்துவர் செய்து காட்டியது. பால் கடைவாய்ப் பல்லைக் குடையாமல், ஊசி போடாமல், சரியான அளவு ஸ்டீல் கேப்பைச் சிமெண்ட் வைத்து மேலே உட்கார வைத்துவிடுவது. உள்ளே அடைபட்ட சொத்தைக்குத் தீனி கிடைக்காமல் வளர்ச்சி நின்றுவிடும். நரம்பு கெட்டுச் சீழ் கட்டிய பல்லுக்கு இது ஆகாது. எக்ஸ்ரே பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். இன்னொன்று 38 சதவீத சில்வர் டயமைன் புளோரைடு. ஒரு சொட்டைத் தொட்டு வைத்தால் சொத்தை கறுத்து நின்றுவிடும். கறுக்கும் என்பதை வைப்பதற்கு முன்பே அம்மாவிடம் சொல்லி, படத்தையும் காட்டிவிட வேண்டும். சொல்லாமல் வைத்துவிட்டு மறுநாள் குடும்பமே வாசலில் வந்து நின்ற கதைகளைப் பல கிளினிக்குகளில் கேட்டிருக்கிறேன்.

இதன் எல்லையும் தெளிவாக இருக்க வேண்டும். இரண்டு நாள் பயிலரங்கச் சான்றிதழ் உங்களைச் சிறப்பு மருத்துவர் ஆக்காது. பலகையில் அப்படி எழுதிக்கொள்ளவும் கூடாது. மயக்கம் கொடுத்துச் செய்யும் எதையும் தனியாகத் தொட வேண்டாம். இருதயக் குழந்தை, ரத்தக் கசிவு நோய் உள்ள குழந்தை, அடக்க முடியாமல் அலறும் மூன்று வயது என்றால் வாரத்துக்கு ஒரு நாள் வரும் பீடோ கன்சல்டன்டுக்கு வைத்துவிடுங்கள். அரசு பக்கம் அனுப்ப வேண்டியவர்களை மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்துக்கு அனுப்பலாம். 2013-ல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் (ஆர்.பி.எஸ்.கே.) கீழ் இவை நடக்கின்றன. பல் சொத்தையும் அதில் கண்டறிய வேண்டிய நோய்களில் ஒன்று.

வெளிநாட்டைப் பற்றியும் கேட்கிறார்கள். அமெரிக்காவில் இந்தப் பிரிவுக்கு இரண்டாண்டு ரெசிடென்சி உண்டு, நம் பி.டி.எஸ். முடித்தவர்களை எடுக்கும் இடங்களும் உண்டு. தேர்வுகள், விசா, கட்டணம், மாநிலத்துக்கு மாநிலம் மாறும் உரிம விதிகள் என்று அது ஒரு தனிக் கட்டுரை. வெளிநாட்டுப் பட்டம் இங்கே தானாகப் பதிவாகிவிடும் என்று நினைத்துக்கொண்டு மட்டும் போகாதீர்கள்.

## அரசில் வேறு பிரிவா, தனியாரில் பீடோவா?

இது கடைசிச் சுற்றில் வரும் தர்மசங்கடம். அரசுக் கல்லூரியில் சமுதாயப் பல் மருத்துவமோ ஓரல் மெடிசினோ (வாய் நோய்களைக் கண்டறியும் பிரிவு) கிடைக்கும், பீடோ தனியாரில்தான். பணமில்லை என்றால் அரசையே எடுங்கள் என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். ஆனால் குழந்தைகளோடுதான் வேலை செய்ய வேண்டும் என்று ஆசைப்படுகிறவருக்குச் சமுதாயப் பல் மருத்துவம் அவ்வளவு தூரமில்லை. பள்ளி முகாம், புளோரோசிஸ் ஆய்வு, தடுப்பு எல்லாம் அதன் வேலைதான். நம் மாவட்டத்துக்கு அதன் தேவையும் பெரிது. கன்சல்டன்டாகக் கிளினிக் கிளினிக்காகப் போய்ச் சம்பாதிக்கத்தான் அதில் வழி குறைவு. கற்பித்தல், அரசு வேலை, ஆராய்ச்சியில் நாட்டம் இருந்தால் யோசிக்காமல் எடுக்கலாம். கையால் சிகிச்சை செய்வதுதான் சந்தோஷம் என்றால் மூன்று வருஷம் கை பரபரக்கும்.

## கவுன்சலிங்கில் சாய்ஸ் பூட்டுவதற்கு முன்

சொல்லாமல் ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்குக் கல்லூரிக்குப் போங்கள். திங்கட்கிழமை எங்கும் கூட்டம் இருக்கும். அன்றும் பீடோ துறை வெளிவராந்தா காலியாக இருந்தால் மேலே கேட்க ஒன்றுமில்லை. கூட்டம் இருந்தால், எத்தனை நாற்காலியில் தண்ணீரும் காற்றும் வருகிறது என்று பாருங்கள். குழந்தை அழும்போது பி.ஜி. என்ன செய்கிறார், பின்னால் நிற்கும் ஆசிரியர் என்ன சொல்கிறார் என்று பத்து நிமிஷம் கவனியுங்கள். "கையைப் பிடிங்க" என்பதே முதல் பேச்சாக இருக்கும் துறையும் உண்டு, அம்மாவை உட்கார வைத்துப் பேசிவிட்டு ஆரம்பிக்கும் துறையும் உண்டு.

அப்புறம் கேன்டீனுக்குப் போய் இரண்டாமாண்டுப் பி.ஜி. ஒருவரைப் பிடியுங்கள். முதலாண்டுக்காரருக்கு இன்னும் எதுவும் தெரியாது, மூன்றாமாண்டுக்காரருக்குத் தேர்வுப் பயம். ஸ்டைபெண்ட் கையில் எவ்வளவு வருகிறது, பொருள்களை யார் வாங்குகிறார்கள், மயக்கத்தில் வைத்துச் செய்யும் சிகிச்சையை நீங்கள் செய்கிறீர்களா, உதவிக்கு நிற்கிறீர்களா, போன வருஷம் எத்தனை பேர் பாஸ், கைடு கல்லூரியிலேயே இருக்கிறாரா, அடுத்த ஆண்டு மாறிப் போகப் போகிறாரா என்று கேளுங்கள். ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் எல்லாம் சொல்வார்.

எம்.சி.சி., மாநிலத் தேர்வுக்குழு, கே.இ.ஏ. மூன்றின் தேதிகளையும் ஒரே தாளில் எழுதி ஒட்டி வையுங்கள். எந்தச் சுற்றுக்குப் பிறகு சேர்ந்த இடத்தை விட்டால் வைப்புத்தொகை போகும், அடுத்த கவுன்சலிங்கில் கலந்துகொள்ளும் தகுதியும் போகுமா என்பதை ஒவ்வொன்றிலும் தனித்தனியாகப் பாருங்கள். ஒன்றில் இருக்கும் விதி மற்றதில் இருக்காது. அசல் சான்றிதழ்களை ஒரு கல்லூரியில் கொடுத்துவிட்டால் அடுத்த சுற்றுக்குத் திரும்ப வாங்க எத்தனை நாள் ஆகும் என்பதையும் கேட்டுவிடுங்கள். அப்பா ஒரு ஊரில், அசல் ஒரு ஊரில், சீட் ஒரு ஊரில் என்று கடைசி நாளில் பஸ் பிடிக்க நேரும்.